பதினைந்து மணி நேரத் தம்பி

2008 பிப்ரவரி 19

முகம் தெரியாத தம்பிக்கு,

தம்பி என்று எழுதியதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களைப் பற்றி எனக்குச் சொன்னது இரண்டே விஷயம்: ஆண், வயது இருபத்தொன்பது. எனக்கு முப்பத்தெட்டு. வேறு எப்படிக் கூப்பிடுவது? பெயர் எழுதக் கூடாதாம், ஊர் எழுதக் கூடாதாம், மஜ்ஜை கொடுத்து ஒரு வருஷம் முடிகிறவரை இப்படித்தானாம். மீறி எழுதினால் மஜ்ஜைப் பதிவகத்தில் ஒருவர் உட்கார்ந்து படித்து மையால் அடித்துவிடுவாராம். (அடிக்கிற ஐயா, வணக்கம். உங்களுக்கு நான் அதிகம் வேலை வைக்க மாட்டேன்.)

நான் மின்பேருந்து ஓட்டுகிறவள். மேலே ஓடும் கம்பியில் இரண்டு கொம்பை மாட்டிக்கொண்டு போகுமே, அந்த வண்டி. போன வருஷம் ஒருநாள் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தது, நிற்கவே இல்லை. ரத்தப் புற்றுநோய் என்றார்கள். என் எலும்புக்குள் இருந்ததையெல்லாம் மருந்து கொடுத்துச் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிட்டு, செப்டம்பரில் உங்கள் மஜ்ஜைக்காகக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார்கள். அன்றைக்கு என்னுடையது என்று உடம்பில் எதுவும் மிச்சம் இல்லை. உங்களுடையது இன்னும் வந்து சேரவில்லை. அந்த மாதிரி ஒரு நாள் யாருக்கும் வர வேண்டாம்.

என் வீட்டுக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார். காலையில், "பெட்டி கிளம்பிடுச்சாம்" என்றார். மத்தியானம், "வழியில புயலாம், விமானத்தை நிறுத்தி வச்சிருக்கானாம்" என்றார். அதற்குப் பிறகு சிகரெட் பிடிக்கப் போவதும் வருவதுமாக இருந்தார். பெட்டியில் பைக்குள் இருக்கும் உங்கள் செல்கள் வெளியே ரொம்ப நேரம் தாங்காது என்று எனக்கும் தெரியும். இருட்டிய பிறகு ஒரு பெண் குளிர்பெட்டியோடு வந்து நாற்காலியில் விழுந்தாளாம். "பதினஞ்சு மணி நேரம், அண்ணே. மடியிலேயே வச்சிருந்தேன். பாத்ரூம் போகும்போதுகூடக் கீழ வைக்கல. காலைப் பாருங்க, எப்படி வீங்கிப் போச்சு" என்றாளாம்.

நேரத்தைச் சொன்னால் தூரத்தைச் சொல்வது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் வரும். பதினைந்து மணி நேரத்தில் இரண்டு பக்கமும் விமான நிலையச் சாலைக்கு ஒவ்வொரு மணி நேரம் கழித்தேன், புயலுக்குக் கொஞ்சம் கழித்தேன். என் மகளின் உலகப் படத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். நீங்கள் இருக்கும் ஊர் தெரிந்துவிட்டது. எழுதினால் அடிப்பார்கள், எழுதவில்லை. பெரிய ஏரி, செப்டம்பரிலேயே மூக்கு உறையும் குளிராம். அந்தக் குளிரில் எனக்காக இடுப்பெலும்பைக் குத்தக் கொடுத்துவிட்டு எப்படிப் படுத்திருந்தீர்களோ என்று நினைக்கும்போதெல்லாம் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இத்துடன் ஒரு ஸ்வெட்டர் அனுப்புகிறேன். இரட்டை நூல். கழுத்தை மூடிக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதத்தில் நன்றி என்று எழுதப் போவதில்லை. காகிதத்தில் சொன்னால் அது சொன்னதாகாது. உங்கள் முகத்துக்கு நேரே நின்று சொல்ல வேண்டும். அதுவரை நான் உயிரோடு இருந்தாக வேண்டும், இருக்கிறேன்.

அக்கா

2008 ஏப்ரல் 8

அக்காவுக்கு,

எனக்குக் கடிதம் எழுத வராது. இது நாலாவது தாள், முதல் மூன்றையும் பாதியில் கிழித்துப் போட்டேன். என் அம்மா என்னைக் கூப்பிடுவதே 'அரைகுறை' என்றுதான். படிப்பைப் பாதியில் விட்டேன், கிடார் வகுப்பைப் பாதியில் விட்டேன், கல்யாணம் நிச்சயமாகி அதையும் பாதியில் விட்டேன். (அவள்தான் விட்டாள். அம்மா கணக்கில் அதுவும் நான்தான்.) இப்போது அம்மாவோடு சேர்ந்து காலைப் பலகாரக் கடை நடத்துகிறேன். சோயாப்பாலும் முட்டைத் தோசையும்.

மஜ்ஜை கொடுக்கப் பெயர் பதிந்ததும் ஒன்றும் தர்ம சிந்தனையால் இல்லை. சந்தையில் கூடாரம் போட்டிருந்தார்கள், ஒரு சின்னக் குப்பி ரத்தம் கொடுத்தால் குடை இலவசம் என்றார்கள். மழை பெய்துகொண்டிருந்தது. எட்டு வருஷம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டு, "உங்க மஜ்ஜை ஒருத்தருக்குப் பொருந்துது" என்றபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் குடைதான். அது அப்போதே உடைந்துவிட்டது.

அம்மா ஒரு வாரம் சண்டை போட்டாள். "முதுகெலும்புல குத்துவானுங்க. நொண்டியாயிட்டா எவடா உன்னைக் கட்டுவா? இருக்கிற லட்சணத்துக்கே ஒருத்தியும் நிக்கல!" முதுகெலும்பு இல்லை, இடுப்பெலும்பு என்று சொன்னேன். "எல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஒட்டிக்கிட்டுதான இருக்கு?" என்றாள். கொடுத்துவிட்டு வந்ததும் எள்ளெண்ணெயில் இஞ்சியை வதக்கிப் பன்றி ஈரல் செய்து போட்டாள், தினமும். "பிள்ளை பெத்தவளுக்கு ஆக்கிப் போடுறதை உனக்கு ஆக்கிப் போடுறேன். ஒரு பேரப்பிள்ளையையாவது கையில கொடுத்தியா?" இரண்டு நாள் இடுப்பு வலித்தது, பிறகு ஸ்கூட்டர் ஓட்டினேன். அவ்வளவுதான் அக்கா. நீங்கள் நினைத்து வருந்தும்படி ஒன்றும் இல்லை.

ஸ்வெட்டர் வந்தது. அளவு கச்சிதம். அம்மா அதைக் கையில் தூக்கிப் பார்த்து, "இதை எந்த மலை உச்சியில போய்டா போடப் போற?" என்றாள். அக்கா, உங்கள் தூரக் கணக்கைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். விமானம் ▇▇▇▇▇▇▇ போய்ச் சுற்றி ▇▇▇▇▇, நேராக வந்தால் ▇▇▇▇▇▇▇▇▇.

மேலே எழுதியதை எப்படியும் அடிப்பார்கள் என்று தெரியும். மனசு கேட்கவில்லை, எழுதினேன்.

ஒரு கேள்வி. மஜ்ஜை வாங்கியவருக்குக் கொடுத்தவருடைய நாக்கும் வந்துவிடும் என்று ஜனங்கள் சொல்கிறார்கள். உங்களுக்குக் கொத்தமல்லித் தழை பிடிக்குமா?

தம்பி

2008 ஜூன் 3

தம்பிக்கு,

கொத்தமல்லியா! முப்பத்தெட்டு வருஷம் அந்த வாசனை என்றாலே எனக்குக் குமட்டும். கடையில் சூப்பில் போட்டுவிட்டால் கிண்ணத்தைத் திருப்பி அனுப்புவேன். இந்தத் தடவை வசந்தத்தில் காய்கறிக் கடையில் ஒரு கட்டு வாங்கி, வீடு வந்து சேர்வதற்குள் பச்சையாகவே தின்றிருக்கிறேன். என் வீட்டுக்காரர், "நீ யாருன்னே தெரியல. என் பொண்டாட்டியை எங்க ஒளிச்சு வச்ச?" என்று கேட்டார். டாக்டரிடம் சொன்னேன், சிரித்தார். அவர் சிரிக்கட்டும்.

உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தம். அடித்த வரியை என் மகள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், நான் விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். நல்ல மை, ஒன்றும் தெரியவில்லை. 'சுற்றி', 'நேராக வந்தால்' என்று சில சொல் மட்டும் தப்பியிருக்கின்றன. விமானம் நேராக வராமல் வளைந்தா வரும்? அடிப்பார்கள் என்று தெரிந்தே எழுதுவது என்னைத் தூங்க விடாமல் செய்வதற்கா? இனி அப்படிச் செய்யாதீர்கள்.

என் கணக்கில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீங்கள் பழைய எழுத்துமுறையில், கோடு குறைக்காத சீன எழுத்தில் எழுதுகிறீர்கள். கடல் கடந்து போய்க் குடியேறிய நம் ஆட்கள் அப்படித்தான் எழுதுவார்கள். ஸ்வெட்டரை வீட்டுக்குள் போட்டால் வெக்கையாகத்தான் இருக்கும், அங்கெல்லாம் சுவரிலேயே கணப்பு வைத்திருப்பார்களாமே. வெளியே போகும்போது போடுங்கள். உங்கள் அம்மாவிடமும் சொல்லுங்கள்.

இங்கே விடியும்போது அங்கே இருட்டும் என்று மகள் சொன்னாள். அதனால் தினமும் ஆறு மணிக்கு எழுந்ததும் கிழக்கு ஜன்னலைத் திறந்து, "போய்த் தூங்குடா தம்பி, நாள் முழுக்க உழைச்சிருப்ப" என்று சொல்கிறேன். எதிர்வீட்டுக்காரி நான் சாமி கும்பிடுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். பணிமனையில் இன்னும் வண்டி ஓட்ட விடவில்லை, உட்கார வைத்து நேர அட்டவணை போடச் சொல்லியிருக்கிறார்கள். செப்டம்பர் வரட்டும். வருஷம் முடியட்டும்.

அக்கா

2008 செப்டம்பர் 24, தைபெய்

அக்கா,

மேலே பாருங்கள், ஊர் பெயர். அடிக்கவில்லை. வருஷம் முடிந்துவிட்டது. என் பெயர் லாய் போ-செங். பெயரும் ஊரும் எழுதலாம், வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் மட்டும் நேரில் சந்திக்கிற அன்றைக்குத்தானாம். கடிதம் இன்னும் பதிவகம் வழியாகத்தான் வரும்.

நான் பெரிய ஏரிக்கரையில் இல்லை. பனி விழும் ஊரும் இல்லை, தைவான். நீங்கள் சீனப் பெருநிலத்தில் எங்கோ இருக்கிறீர்கள் என்று மட்டும் எனக்குச் சொல்லியிருந்தார்கள். என் பெட்டி கடலைத் தாண்டி உங்களிடம் நேராக வர வழி இல்லை. போரில் பிரிந்ததிலிருந்து அறுபது வருஷமாக நம் இரண்டு கரைக்கும் நடுவில் நேர் விமானம் கிடையாது என்பது உங்களுக்கும் தெரியுமே. அந்தப் பெண் தெற்கே ஹாங்காங் போய், அங்கே புயலில் மாட்டி, வேறு விமானம் பிடித்து மறுபடி வடக்கே வந்திருக்கிறாள். உங்கள் கணக்கு சரி அக்கா. பதினைந்து மணி நேரத்துக்குப் பெட்டி போயிருக்கக்கூடிய தூரம் அதுதான். நான்தான் அந்தத் தூரத்தில் இல்லை.

ஜூலையிலிருந்து வாரக்கடைசியில் மட்டும் நேர் விமானம் என்று விடுகிறார்கள். பெயர்தான் நேர், இன்னும் ஹாங்காங் பக்கம் வளைந்துதான் வருகிறது.

இன்னொன்று. நீங்கள் காலையில் ஜன்னலைத் திறந்து என்னைத் தூங்கச் சொல்கிறீர்களே, அந்த நேரத்தில் நான் கடையில் முட்டைத் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். நமக்கு ஒரே நேரம்தான். ஜூனில் உங்கள் கடிதம் வந்த மறுநாளிலிருந்து ஆறு மணியானால் நான் ஒரு நிமிஷம் கரண்டியைக் கீழே வைத்துவிடுகிறேன். அம்மா, "என்னடா, அதுவும் பாதியிலயா?" என்கிறாள். என்னை யாரும் உழைத்துக் களைத்தவன் என்று அதற்கு முன்னால் சொன்னதில்லை. உண்மை தெரிந்தால் நிறுத்திவிடுவீர்களோ என்று கொஞ்சம் பயம்.

போ-செங்

2008 அக்டோபர் 10, ஷாங்காய்

டேய் போ-செங்,

இனிமேல் உனக்கு 'நீங்கள்' கிடையாது. என் பெயர் கூ வென்யுன். திட்டுகிறவள் பெயர் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

தைபெய்! என் மகள் உலகப் படத்தில் கனடாவின் டொரண்டோ மேல் சிவப்புப் பொட்டு ஒட்டி, பக்கத்தில் 'மாமா' என்று எழுதி வைத்திருந்தாள். நகத்தால் சுரண்டி எடுத்தாள், படத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. பிறகு அளவுகோல் வைத்துப் பார்த்தோம். நீ இருப்பது எழுநூறு கிலோமீட்டர்கூட இல்லை. நேராகப் பறந்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். மழை நாளில் என் வண்டி ஒரு முனையிலிருந்து மறுமுனை போய்த் திரும்ப அதைவிட அதிகம் ஆகும்! நான் கிழக்கே பார்த்துக் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன், நீ தெற்கே இருக்கிறாய். சிரித்தேன். என் வீட்டுக்காரர் குவோலியாங் சிரித்துச் சிரித்துத் தேநீர் மூக்கில் ஏறி இருமினார்.

அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. படுத்துக்கொண்டு யோசித்தபோது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நான் கண்ணாடி அறைக்குள் காலியாக உட்கார்ந்திருந்தேன். என் உயிர் ஒரு பெண்ணின் மடியில் உட்கார்ந்துகொண்டு, எனக்கு முதுகைக் காட்டி, எதிர்த்திசையில் போயிருக்கிறது. என் வண்டியும் கம்பி போகிற வழியில்தான் போகும், பக்கத்துத் தெருவுக்குத் திரும்பு என்றால் திரும்பாது. வானத்தில் எவன் கம்பி கட்டினான்? யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை, அதனால் உன்னைத் திட்டுகிறேன். பொறுத்துக்கொள்.

காலை ஆறு மணி நிற்காது. ஜன்னலை மாற்றிவிட்டேன். தெற்கே இருப்பது சமையலறை ஜன்னல். "தோசை கருகுது, பாருடா" என்கிறேன்.

நீ வரலாம், நான் வர முடியாது. எங்களைக் கூட்டமாகச் சுற்றுலா மட்டும்தான் விடுகிறார்கள், எனக்கு டாக்டர் அதற்கும் விட மாட்டார். நீ வா. கடையை இரண்டு நாள் மூடினால் தைபெய் பட்டினி கிடக்காது. அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனை, வழக்கமானதுதான்.

அக்கா வென்யுன்

2008 நவம்பர் 14, ஷாங்காய்

தம்பி,

சுருக்கமாக எழுதுகிறேன். பதிவகத்திலிருந்து உன்னைக் கூப்பிடுவார்கள். மறுத்துவிடு.

என் ரத்தத்தில் நூற்றுக்கு நூறாக இருந்தது நீதான். இப்போது எழுபதுக்கும் கீழே இறங்கிவிட்டாய். பழைய நோய்க்காரி மெல்லத் தலை தூக்குகிறாள் என்று அர்த்தம். உன்னுடைய வெள்ளை அணுக்களை இன்னொரு தடவை வாங்கி ஏற்றினால் அவளை விரட்டிவிடலாம் என்கிறார் டாக்டர். இந்த மாதமோ அடுத்த மாதமோ செய்தாக வேண்டுமாம். "கேட்டா கொடுப்பாரு" என்கிறார். கேட்டால் கொடுப்பாய் என்று எனக்கும் தெரியும், அதனால்தான் கேட்க முடியவில்லை.

ஒருவன் குடைக்காகக் கொடுத்த ஒரு குப்பி ரத்தத்துக்கு எத்தனை தடவைதான் அவனைக் கூப்பிடுவது? உன் அம்மா சொன்னதில் தப்பே இல்லை. உனக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்த அம்மாவின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? எனக்கு ஒரு வருஷம் கிடைத்தது. மகளுக்குத் தன் தலைக்குத் தானே பின்னல் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். போதும் என்று எழுத நினைத்தேன், போதாது. ஆனாலும் மறுத்துவிடு. உன்னைப் பார்க்காமலேயே போய்விடுவேன் என்றுதான் வருத்தம். அந்த ஒரு சொல்லை இன்னும் சொல்லவில்லையே.

வென்யுன்

2008 நவம்பர் 26, தைபெய்

அக்கா,

கடிதமும் ஹாங்காங் வழியாகத்தான் வருகிறது என்பது உங்களுக்குத் தெரியாதா? உங்கள் 'மறுத்துவிடு' வந்து சேர்வதற்குள் பதிவகத்திலிருந்து கூப்பிட்டு, நான் சரி என்று சொல்லி ஒரு வாரம் ஆகிவிட்டது. உங்கள் மேல் பயங்கரக் கோபத்தில் இருக்கிறேன். என்னைக் கேட்காமல் எனக்கு எப்படி நீங்கள் பதில் சொல்லலாம்?

உடனே சரி என்று சொன்னேன், பயப்படாமல் சொல்லவில்லை. அம்மா கத்தினாள். "ஒரு தடவை கொடுத்தாச்சுல்ல, அதோட விடு. உன் உடம்பு என்ன அவ அண்டாவா, மொண்டு மொண்டு ஊத்த?" மூன்று நாள் என்னோடு பேசவில்லை. கடையில் வாடிக்கையாளரிடம் சொல்வதுபோல என்னிடம் சொல்வாள், "அந்தாளை அடுப்பைக் குறைக்கச் சொல்லுங்க" என்று.

பிறகு உங்கள் கடிதம் வந்தது. அம்மா சோயாப்பால் கிண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்று முழுக்கப் படித்துக் காட்டினேன். உங்கள் மகளுக்குப் பின்னல் போடச் சொல்லிக் கொடுத்த இடத்தில் கிண்டுவதை நிறுத்திவிட்டாள், பால் அடிப்பிடித்தது. "கேட்டிருந்தா வேணாம்னிருப்பேன்டா. வேணாங்கிறவகிட்ட நான் என்னன்னு வேணாம்பேன்?" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பெட்டிக்காரப் பொண்ணு இந்தத் தடவையும் மடியில வச்சுக்கிட்டு ஊரெல்லாம் சுத்துமா?" என்று கேட்டாள்.

அதைத்தான் எழுத வந்தேன். டிசம்பர் பதினைந்திலிருந்து தினமும் விமானம். வளையாமல் கடலுக்கு மேலே நேராக வருமாம். மருத்துவமனையில் எந்தத் தேதி வசதி என்று கேட்டார்கள். பதினேழு என்றேன். இந்தத் தடவை இடுப்பெலும்பு இல்லை, கையில் ஊசி போட்டு ரத்தம் எடுத்து இயந்திரத்தில் பிரிப்பார்கள். நான் படுத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்க்கலாம்.

அம்மா உங்களுக்குச் சொல்லச் சொன்னது இது: "இதையாவது இந்தப் பய முழுசா முடிக்கட்டும். நடுவுல செத்துக்கித்துப் போயிடாதன்னு எழுது." அம்மா பாசமாகப் பேசினால் இப்படித்தான் இருக்கும்.

போ-செங்

2008 டிசம்பர் 22, ஷாங்காய்

தம்பி,

உன் அம்மாவின் கட்டளைப்படி சாகாமல் இருக்கிறேன்.

பதினேழாம் தேதி நடந்ததைச் சொல்கிறேன். குவோலியாங் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, "பெட்டி கிளம்பிடுச்சாம்" என்றார். போன தடவை அந்த வார்த்தைக்குப் பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்று உடம்புக்குத் தெரியும். அவர் இரண்டு சிகரெட் பெட்டி வாங்கி வைத்துக்கொண்டு, வெளியே நாற்காலியில் சாய்ந்து, நீண்ட காவலுக்குத் தயாராகி, அப்படியே தூங்கிவிட்டார். தோளைத் தொட்டு எழுப்பியது யார் தெரியுமா? அதே பெண். "அண்ணே, எழுந்திருங்க, வந்துட்டேன்" என்றாளாம். இவர் நம்பவில்லை. "விமானம் கிளம்பலையா? திரும்பி வந்துட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அவள் சிரித்துக்கொண்டே இரண்டு காலையும் நீட்டிக் காட்டினாளாம். "பாருங்க, வீங்கவே இல்லை!"

சிகரெட் பெட்டி இரண்டும் பிரிக்காமல் இருக்கிறது. நிறுத்திவிட்டதாகச் சொல்கிறார். பார்ப்போம்.

பையில் செல்கள் எல்லாம் துள்ளிக்கொண்டிருந்தன என்று டாக்டர் சொன்னார், அவருக்கும் உற்சாகம் வந்தால் இப்படிப் பேசுவார். ஏற்றி முடித்தாயிற்று. உன் அணுக்கள் என் பழைய நோயோடு சண்டை போட வேண்டும். சில வாரமோ, சில மாதமோ ஆகும். காய்ச்சல் வருகிறது, தோல் எரிகிறது. நல்ல அறிகுறிதானாம். பயமாகத்தான் இருக்கிறது தம்பி. இந்தக் கடிதத்தில் கொஞ்சம் எழுத்து கோணலாக இருந்தால் படுத்துக்கொண்டே எழுதுவதால்தான், வேறொன்றும் இல்லை.

தபாலும் இப்போது நேராகப் போகிறது என்றார்கள். சீக்கிரம் வந்துவிடும். அதனால்தான் பயத்தைக்கூட எழுதினேன்.

அக்கா

2009 ஜனவரி 20, தைபெய்

அக்கா,

நம் சீனப் புத்தாண்டு வருகிறது. உங்கள் கடிதம் சூடு ஆறாமல் வந்து சேர்ந்தது. இங்கே நான் நன்றாக இருக்கிறேன். அன்றைக்குப் படுத்துக்கொண்டு இரண்டு படம் பார்த்தேன், இரண்டாவதைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். அம்மா ஈரலோடு ஆளைத் துரத்துகிறாள். உங்களுக்கும் செய்து கொடுக்க வேண்டும் என்று செய்முறையை என்னை எழுதச் சொன்னாள். 'எண்ணெய் கொஞ்சம், இஞ்சி நிறைய, நாக்கு வேண்டாங்கும், விடாத' என்பதுதான் முழுச் செய்முறை.

தினமும் ஆறு மணிக்கு அம்மா, "டேய், கரண்டியைக் கீழ வைடா, அவ எழுந்திருப்பா" என்று அவளாகவே சொல்கிறாள். அதற்காகவாவது நீங்கள் எழுந்திருக்க வேண்டும்.

போ-செங்

2009 மார்ச் 18, ஷாங்காய்

தம்பி,

நேற்று முடிவு வந்தது. நூற்றுக்கு நூறும் நீதான்.

எனக்கு அதற்கு முன்பே தெரியும். பிப்ரவரியில் கொத்தமல்லி மறுபடி குமட்ட ஆரம்பித்திருந்தது, யாரிடமும் சொல்லாமல் அழுதேன். போன வாரம் பக்கத்துப் படுக்கைக்காரிக்கு வந்த சூப்பில் தழை மிதந்தது. என்னை அறியாமல் எட்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அவள் கத்தினாள். நான் சிரித்தேன். கம்பியிலிருந்து கொம்பு நழுவிவிட்டால் வண்டி நடுத்தெருவில் நின்றுவிடும். இறங்கிப் பின்னால் போய்க் கயிற்றை இழுத்து, கொம்பைத் தூக்கித் தூக்கிப் பார்ப்போம். கம்பியில் சட்டென்று உட்கார்ந்துவிட்டால் விளக்கெல்லாம் எரியும். எனக்கு அப்படித்தான் இருந்தது.

இனி ஆட்களைப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வா. பதிவகத்துக்கும் எழுதிவிட்டேன். ஏப்ரலில் வா, வானம் தெளிந்திருக்கும். விமான நிலையத்துக்கு நாங்கள் மூன்று பேரும் வருகிறோம். மகள் உலகப் படத்தில் ஒட்டி மூடிய ஓட்டையைக் காட்ட வேண்டும் என்கிறாள். கூட்டத்தில் உன்னை எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வா. வெக்கையாக இருந்தாலும் போட்டுக்கொண்டு வா, என் கண்ணுக்கு அது தெரியும்.

சொல்ல வேண்டிய சொல்லை ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். அன்றைக்கு அழுகையில் வார்த்தை வராவிட்டால் நீயே புரிந்துகொள்.

அக்கா

2009 ஏப்ரல் 11, விமானத்தில்

அக்கா,

இந்தக் கடிதத்தைக் கையில்தான் கொடுக்கப் போகிறேன். வீட்டில் உட்கார்ந்து எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவேன் என்று, விமானத்தில் எழுதுவதற்காகப் பத்துத் தாள் வாங்கி வந்தேன். பெல்ட் போடும் விளக்கு அணைந்ததும் தொடங்கினேன். பக்கத்து இருக்கையில் ஒரு தாத்தா. என் ஸ்வெட்டரைப் பார்த்து, "உடம்பு சரியில்லையா தம்பி?" என்று கேட்டார். வேர்த்துக் கொட்டுகிறது. கழற்ற மாட்டேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியவை நிறைய இருக்கின்றன. வரிசையாக மனசில் போட்டு வைத்திருக்கிறேன். முதலில் அம்மாவைப் பற்றி. பயணம் அனுப்ப விமான நிலையம்வரை வந்தாள். கடையை மூடியது அப்பா இறந்ததற்குப் பிறகு இதுதான் முதல் தடவை. நுழைகிற இடத்தில் என் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி, "என் பையன் இன்னொருத்திக்கு ரெண்டு தடவை உசிரு கொடுத்திருக்கான்" என்று பாதுகாப்புக்காரரிடம் சொன்னாள். அவர் கேட்கவே இல்லை, அவளாகச் சொன்னாள். எனக்குப் பின்னால் வரிசையில் எல்லோரும் கேட்டார்கள். அரைகுறை என்று சொல்லவில்லை அக்கா. எனக்குக் காது சுட்டது.

இரண்டாவது, நான் ஏன் உங்களுக்கு

தேநீர் கொண்டு வந்தார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

இரண்டாவது, நான் ஏன் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன் என்று. நீங்கள் என்னவோ நான் கொடுத்தேன், நீங்கள் வாங்கினீர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியாமல் ஒரு ஆள் உலகப் படத்தை விரித்து வைத்துத் தேடினார், தப்பான ஊரைப் பார்த்துத் தினமும் என்னைத் தூங்கச் சொன்னார். அதற்கு முன்னால் என்னை யாரும் தேடியதில்லை. அந்த ஆறு மணிக்காக நான் விடியும் முன்பே எழுந்து சரியாகக் கடை திறக்க ஆரம்பித்தேன். இது ஒன்று. இன்னும் பெரிய விஷயங்கள் இருக்கின்றன, அவற்றைக் கடைசிப் பக்கத்துக்கு வைத்திருக்கிறேன். நன்றி என்ற சொல்லையும் அங்கேதான் எழுத நினைத்தேன். நீங்கள் மட்டும்தான் சேர்த்து வைத்தீர்களா?

கோப்பையைத் திரும்ப வாங்க வந்துவிட்டார்கள். நான் இன்னும் குடிக்கவே இல்லை. தாத்தா, "அதுக்குள்ளயா?" என்கிறார். அவர் முன்னொரு தடவை ஹாங்காங் வழியாகப் போனபோது இரண்டு வேளை சாப்பாடு கொடுத்தார்களாம்.

ஜன்னலில் கடல் முடிந்துவிட்டது. பழுப்பாக ஆறு தெரிகிறது, வரப்பு வரப்பாக வயல் தெரிகிறது. மடக்கு மேசையை மூடச் சொல்கிறார்கள், முழங்காலில் வைத்து எழுதுகிறேன், அதனால்தான் கோணல். முதல் தாளே இன்னும் தீரவில்லை, ஒன்பது தாள் வெள்ளையாக இருக்கிறது. பதினைந்து மணி நேரமாவது பறந்திருந்தால் எல்லாவற்றையும் எழுதி முடித்திருப்பேன்.

சக்கரம் தரையைத் தொட்டுவிட்டது. அக்கா, இதையும் பாதியில் விடுகிறேன். அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். மீதியை